இருபது காசும் இசைத்தட்டும்



சென்ற பள்ளி விடுமுறையின்போது கிள்ளானுக்குச் சென்றிருந்தேன். முன்பு என்னோடு பணியாற்றிய ஆசிரியை ஒருவரின் குடும்பத்தார், ஜாலான் தெங்கு கிளானாவுக்கு அருகில் நெடுங்காலம் வாழ்ந்த வீட்டைக் காலி செய்துகொண்டிருந்தனர். படிக்கட்டுக்கு அடியிலிருந்து ஒரு மரப்பெட்டி வெளிவந்தது. உள்ளே 43 இசைத்தட்டுகள். மூடினால் கைப்பெட்டி போலத் தோன்றும் பழைய ரெக்கார்டு பிளேயர் ஒன்றும் உடன் இருந்தது.

“சார், இதைக் குப்பையில் போட மனம் வரவில்லை. பள்ளிக்கூடத்துக்குப் பயன்படுமா பாருங்கள்” என்றார் அந்த ஆசிரியை.

நன்றி கூறி வாங்கிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து பிளேயரின் மூடியைத் திறந்தேன். ஊசியைத் தாங்கும் கையின் தலைப்பகுதியில், மஞ்சளாகிப்போன பசைநாடாவால் ஓர் இருபது காசு நாணயம் ஒட்டப்பட்டிருந்தது. அதைக் கண்டதும் சற்று நேரம் அப்படியே அமர்ந்துவிட்டேன். எங்கள் வீட்டிலும் அதே இடத்தில் அதே நாணயம் இருந்தது.

என் தந்தையார் இரயில்வேயில் பணியாற்றியவர். நாங்கள் பிரிக்பீல்ட்சில் குடியிருந்தோம். இன்று கே.எல். சென்ட்ரல் நிலையம் எழுந்து நிற்கும் இடத்தில் அன்று இரயில் பெட்டிகளைப் பிரித்துக் கோக்கும் பெருந்திடல் இருந்தது. அந்த நிலையம் திறக்கப்பட்டது 2001-ஆம் ஆண்டில். நான் சொல்வது 1970களின் கதை. ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா இசைத்தட்டு போடுவார். பாட்டு ஒரே இடத்தில் திக்கித் திக்கி நிற்கும். உடனே சட்டைப்பையிலிருந்து இருபது காசை எடுத்து ஊசியின் தலைமேல் வைப்பார். பாட்டு ஓடும். “பாட்டுக்குக் கொஞ்சம் பாரம் வேண்டும், தம்பி” என்று சிரிப்பார்.

சில ஆண்டுகளில் அந்தத் தட்டிலிருந்து இரைச்சல் மட்டுமே வந்தது. “தட்டு பழசாகிவிட்டது” என்றார் அப்பா. நானும் அப்படியே நம்பினேன். நாங்கள்தான் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டித் தீர்த்தோம் என்பதை அறிய எனக்கு ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஆயின.

கிள்ளான் பெட்டியை வைத்துக்கொண்டு அதே தவற்றை மறுபடியும் செய்யக்கூடாது என முடிவு செய்தேன். ஆகவே ஊசி, அதைத் தாங்கும் கார்ட்ரிட்ஜ் எனும் ஊசிப்பெட்டி ஆகியவற்றின் வரலாற்றை முதலில் படித்தேன். படித்தபின் ஒன்று புரிந்தது. இசைத்தட்டில் நாம் கேட்கும் கோளாறுகளில் பெரும்பாலானவை, ஒரு காலத்துத் தட்டின்மேல் இன்னொரு காலத்து ஊசியை வைப்பதால் வருபவை. வரலாறு தெரிந்தால் பழுதின் காரணமும் தெரியும். அதையே இங்குப் பகிர்ந்துகொள்கிறேன்.

எஃகு ஊசியும் அரக்குத் தட்டும்

1877-இல் எடிசன் ஒலியைப் பதிவு செய்து திரும்பக் கேட்டார். அவர் பயன்படுத்தியது உருளை. தட்டையான வட்டத் தட்டைக் கொண்டு வந்தவர் எமில் பெர்லினர், ஆண்டு 1887. அவருடைய முறையைத் தழுவிய கிராமபோன் நிறுவனம் விரைவில் ஆசியாவை நாடி வந்தது. பிரெட் கைஸ்பெர்க் என்னும் ஒலிப்பதிவாளர் 1902-இல் கல்கத்தாவில் கவுஹர் ஜானின் குரலைப் பதிவு செய்தார். அதே பயணத்தில் 1903-இல் சிங்கப்பூரிலும் பதிவுகள் செய்தார். தொடக்கத்தில் இந்தியப் பாடல்களின் தட்டுகள் ஜெர்மனியின் ஹனோவர் நகரில் அச்சிடப்பட்டுக் கப்பலில் வந்தன. 1908 முதல் கல்கத்தாவிலேயே தொழிற்சாலை இயங்கியது.

அக்காலத் தட்டுகள் அரக்கினால் ஆனவை. அரக்குப் பூச்சி தரும் பிசினோடு மிக நுண்ணிய கல்தூளையும் கலந்து அழுத்தி எடுத்தார்கள். கல்தூள் எதற்கு? எஃகு ஊசியைத் தேய்ப்பதற்குத்தான்! ஊசி முதல் சில சுற்றுகளிலேயே தேய்ந்து தடத்தின் வடிவத்துக்குப் பொருந்திக்கொள்ளும். ஆகவே ஊசிதான் தேய வேண்டும், தட்டு அன்று. ஒரு பக்கம் பாடி முடிந்ததும் ஊசியை எறிந்துவிட்டுப் புதிய ஊசி போட வேண்டும் என்பது விதி. 200 ஊசிகள் கொண்ட சிறு தகரச் சிமிழ்கள் அதற்காகவே விற்கப்பட்டன.

மின்சாரம் எட்டாத தோட்டங்களிலும் இப்பெட்டி பாடியது. சாவி கொடுத்தால் போதும். மின்சாரமும் ஆம்ப்ளிஃபையரும் இல்லாமல், ஊசியின் அதிர்வே ஒரு மெல்லிய தகட்டை அசைத்துக் குழாய் வழியே ஒலியாக வந்தது. அதற்கு வலிமை வேண்டும் அல்லவா? ஆகவே அந்தத் தலைப்பகுதி 100 கிராமுக்கும் மேலான பாரத்தோடு தட்டின்மேல் அமர்ந்திருந்தது. “பாட்டுக்குப் பாரம் வேண்டும்” என்ற நம் வீட்டு நம்பிக்கை அந்தக் காலத்திலிருந்து வந்ததாகவே இருக்க வேண்டும். அன்று அது உண்மை.

ஆனால் சிக்கனம் நம் மக்களின் இயல்பு. ஒரு பக்கத்துக்கு ஓர் ஊசி என்பது வீண்செலவாகத் தோன்றியிருக்கும். தேய்ந்து கூராகிப்போன ஊசியையே பத்துப் பக்கத்துக்கு ஓட்டினால் அது உளியாகிவிடும். தடத்தின் சுவர்கள் சாம்பல் நிறமாகும். கிள்ளான் பெட்டியில் இருந்த அரக்குத் தட்டுகளைச் சாய்த்து வெளிச்சத்தில் பார்த்தேன். பலவற்றில் அந்தச் சாம்பல் நிறம் தெளிவாகத் தெரிந்தது.

உப்பும் ஈரமும்

1925 முதல் ஒலிப்பதிவு மின்முறைக்கு மாறியது. பின்னர் வீட்டிலும் ஊசியின் அசைவை மின்சாரமாக மாற்றும் ஊசிப்பெட்டிகள் வந்தன. அவற்றுள் மலிவானதும் பரவலானதும் படிகவகை. சில படிகங்களை அழுத்தினால் அவற்றில் மின்னழுத்தம் தோன்றும் என்பதைக் கியூரி சகோதரர்கள் 1880-இல் கண்டறிந்திருந்தனர். ரோஷல் உப்பு எனப்படும் படிகம் இதற்கு மிகவும் ஏற்றதாக இருந்தது.

ஆனால் அது உப்பு. ஈரத்தில் கசியும், ஏறத்தாழ 55 பாகை செல்சியசை எட்டினால் கெட்டுவிடும். நம் கிள்ளான் பள்ளத்தாக்கை நினைத்துப் பாருங்கள். ஆண்டு முழுவதும் புழுக்கம். காற்றின் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காடு அளவில் இருக்கும். போதாக்குறைக்கு, வானொலியும் தட்டுப்பெட்டியும் ஒன்றாக அமைந்த ரேடியோகிராமில் வால்வுகளின் சூடு வேறு. குளிர்நாட்டில் பல்லாண்டு உழைத்த படிகம், நம் ஊரில் ஓசையின்றிக் கரைந்தது. ஒலி நாளுக்கு நாள் மெலியும். பிறகு அறவே நின்றுவிடும். எந்தப் பாரமும் அதை மீட்காது.

இக்குறையை நீக்கவே செராமிக் வகை வந்தது. பேரியம் டைட்டனேட் போன்ற சுட்ட பீங்கான் பொருள்கள் ஈரத்துக்கு அஞ்சாதவை. 1950களிலும் 60களிலும் விற்கப்பட்ட கைப்பெட்டிப் பிளேயர்கள் பலவற்றில் இவ்வகையே இருந்தது. எங்கள் வீட்டிலும் அதுவே. ஆகையால், பழைய பிளேயர் ஒன்று உங்கள் கையில் கிடைத்து, மோட்டார் சுழன்றும் ஒலி வரவில்லை என்றால், அதில் இருப்பது படிகமா செராமிக்கா என்று முதலில் கேளுங்கள். படிகம் என்றால் பெரும்பாலும் உப்பு கெட்டுப்போயிருக்கும். மாற்று ஊசிப்பெட்டியே வழி.

மெல்லிய தடங்கள்

1948-இல் அமெரிக்காவின் கொலம்பியா நிறுவனம் நீண்டநேரம் பாடும் எல்.பி. தட்டை வெளியிட்டது. மறு ஆண்டில் ஆர்.சி.ஏ. விக்டர் 45 சுற்றுத் தட்டைக் கொண்டு வந்தது. இவை வினைல் என்னும் மென்மையான நெகிழியால் ஆனவை. கல்தூள் கிடையாது. தடமும் மிகக் குறுகியது. 78 சுற்றுத் தட்டுக்கு ஊசிமுனையின் ஆரம் சுமார் 75 மைக்ரான். ஒரு மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. எல்.பி. தட்டுக்கு 25 மைக்ரான் போதும். 1958-இல் ஸ்டீரியோ தட்டுகள் விற்பனைக்கு வந்தபோது அது 18 மைக்ரான் அளவுக்கு இறங்கியது.

இங்குதான் நம் வீடுகளின் துயரம் தொடங்குகிறது. மேற்கு நாடுகளில் 78 சுற்றுத் தட்டு 1950களின் இறுதியோடு ஏறக்குறைய முடிந்துபோயிற்று. இந்தியாவிலோ 1960களிலும் அது வெளிவந்துகொண்டிருந்தது. ஆகவே இந்தியாவிலிருந்து தட்டுகளைப் பெற்ற நம் வீடுகளில் இரண்டு காலங்கள் ஒரே அலமாரியில் அடுக்கப்பட்டிருந்தன. சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் ரஜூலா கப்பலில் போர்ட் சுவெட்டன்ஹாமுக்கு, அதாவது இன்றைய கிள்ளான் துறைமுகத்துக்கு, வந்து இறங்கியவர்களின் பெட்டிகளில் அரக்குத் தட்டுகள் இருந்திருக்கும். கோலாலம்பூர்க் கடைகளில் வாங்கிய திரைப்பாடல் தட்டுகளோ 45 சுற்று வினைல்.

இரண்டையும் பாட வைக்க, செராமிக் ஊசிப்பெட்டியில் ஒரு சிறு நெம்பை அமைத்திருந்தார்கள். ஒரு பக்கம் திருப்பினால் 78-க்கு உரிய பருத்த முனை. மறுபக்கம் திருப்பினால் எல்.பி.க்கு உரிய மெல்லிய முனை. எங்கள் வீட்டில் அந்த நெம்பு எதற்கு என்று யாருக்கும் தெரியாது. வேகத்தை மட்டும் மாற்றுவோம். முனையை மாற்ற மாட்டோம். பருத்த முனை வினைல் தடத்துக்குள் இறங்காமல் விளிம்பில் வழுக்கும். பாட்டு தாவும். உடனே இருபது காசு!

அந்த நாணயத்தின் எடையைத் தேடிப் பார்த்தேன். 1967-இல் வெளிவந்த முதல் வரிசை இருபது காசு 5.65 கிராம். எங்கள் பெட்டியைப் போன்றவற்றின் ஊசி ஏற்கெனவே ஐந்தாறு கிராம் அழுத்தத்தில் ஓடக்கூடியது. நாணயம் வைத்தால் அழுத்தம் ஏறத்தாழ இரு மடங்கு. வழுக்கிய முனை இப்போது வழுக்காது. தடத்தின் தோள்களை உடைத்துக்கொண்டு உள்ளே இறங்கும். நாம் மகிழ்ச்சியோடு கேட்டுக்கொண்டிருப்போம்.

காந்த ஊசிப்பெட்டியும் மூன்று மரபுகளும்

இன்று விற்பனையாகும் பெரும்பாலான ஊசிப்பெட்டிகள் காந்தவகை. வைர முனையின் மறுகோடியில் ஒரு சிறு காந்தம் அசைய, அருகிலுள்ள கம்பிச்சுருளில் மின்சாரம் பிறக்கிறது. இதற்கு வேண்டிய அழுத்தம் ஏறத்தாழ 1.5 முதல் 3 கிராம். தட்டுக்கு மிகவும் நல்லது. ஆனால் வெளிவரும் மின்னழுத்தம் ஒரு வோல்ட்டின் ஆயிரத்தில் மூன்று முதல் ஐந்து பங்குதான். செராமிக் தருவது அதைப்போல் பல மடங்கு.

இத்துடன் இன்னொரு செய்தியும் உண்டு. தாழ்ந்த சுரங்கள் தடத்தில் அகலமாக ஆடும். அப்படியே வெட்டினால் இடம் போதாது. ஆகவே வெட்டும்போது தாழ்சுரங்களைக் குறைத்தும் உச்சசுரங்களைக் கூட்டியும் வெட்டுவார்கள். கேட்கும்போது அதை நேர்மாறாகத் திருப்ப வேண்டும். இதற்கு நிறுவனத்துக்கு ஒரு கணக்கு இருந்தது. 1954-இல் ஆர்.ஐ.ஏ.ஏ. எனும் அமெரிக்கச் சங்கம் பொதுக் கணக்கு ஒன்றை வகுத்தது. ஆம்ப்ளிஃபையரில் ‘போனோ’ என்று தனித் துளை இருப்பது இந்தத் திருத்தத்தைச் செய்வதற்கும் ஒலியைப் பெருக்குவதற்குமே.

ஆக, எஃகு ஊசி, செராமிக், காந்தம் என மூன்று மரபுகள். ஒவ்வொன்றுக்கும் தனித் தட்டு, தனிப் பாரம், தனி இணைப்பு. இவற்றைக் கலந்ததே நம் பிழை.

பொருத்தும் முறை

கிள்ளான் பிளேயரின் முனை தேய்ந்திருந்தது. ஆகவே 78 சுற்று வேகமும் கொண்ட வேறொரு தட்டுச்சுழலியை எடுத்துக்கொண்டேன். உடல் ஒன்றாகவும் ஊசி மட்டும் மாற்றக்கூடியதாகவும் உள்ள ஊசிப்பெட்டி நம்மைப் போன்றவர்களுக்கு வசதி. எடுத்துக்காட்டாக, ஆடியோ டெக்னிகாவின் வி.எம். 95 வரிசையில் வினைலுக்கான சாதாரண ஊசிக்கு 2 கிராமும், 78-க்கான ஊசிக்கு 5 கிராமும் பரிந்துரைக்கப்படுகின்றன. ஒரே பெட்டி, இரு காலங்கள், இரு பாரங்கள்!

நான் பின்பற்றிய வரிசை இது:

1. சுழலியைச் சமதளத்தில் வையுங்கள். நீர்மட்டக் கருவியால் சரிபாருங்கள். சாய்ந்த மேசையில் மற்ற எந்த அளவும் நிலைக்காது.

2. ஊசிப்பெட்டியின் பின்புறம் நான்கு சிறு கம்பிகள். வெள்ளை இடப்பக்க ஒலி, நீலம் அதன் தரை. சிவப்பு வலப்பக்க ஒலி, பச்சை அதன் தரை. சிறு இடுக்கியால் மெல்லச் செருகுங்கள். ஊசிப்பெட்டியின் முனைகளில் ஈயப் பற்று வைக்காதீர்கள்; அந்தச் சூடு உள்ளிருப்பதைக் கெடுத்துவிடும்.

3. பக்கவிசைத் திருத்தியைச் சுழியத்தில் வைத்து, ஊசியின் உறையைக் கழற்றி, பின்புறப் பாரக்குண்டைத் திருகுங்கள். கை மேலும் கீழும் போகாமல் மிதந்து நிற்க வேண்டும். அந்நிலையில் குண்டை அசைக்காமல் எண்வளையத்தை மட்டும் சுழியத்துக்குக் கொண்டு வாருங்கள். பிறகு இரண்டையும் ஒன்றாகத் திருகி, ஊசி செய்தவர்கள் குறித்த கிராமில் நிறுத்துங்கள். சிறிய மின்தராசு இருந்தால் உறுதி செய்துகொள்ளலாம்.

4. அடுத்தது நேர்நிறுத்தம். தட்டை வெட்டிய கருவி மையத்தை நோக்கி நேர்கோட்டில் நகர்ந்தது. நம் கையோ ஓர் அச்சில் வளைந்து வருகிறது. ஆகவே எங்கும் துல்லியமாகப் பொருந்தாது. இரண்டு இடங்களில் மட்டுமே முற்றிலும் பொருந்தச் செய்ய முடியும். அந்த இரண்டு புள்ளிகளும் குறித்த அளவுத்தாளை அச்சிட்டு (அச்சில் அளவு சுருங்கியிருக்கிறதா என்று அளவுகோலால் சரிபார்த்து), இரு புள்ளிகளிலும் ஊசிப்பெட்டியின் பக்கங்கள் கோடுகளுக்கு இணையாக நிற்கும்வரை முன்பின் நகர்த்தித் திருகாணிகளை இறுக்குங்கள். நகர்த்தியபின் பாரத்தை மீண்டும் அளக்க வேண்டும்.

5. ஒரு சிறு கண்ணாடியின்மேல் ஊசியை இறக்கி முன்னிருந்து பாருங்கள். ஊசிப்பெட்டியும் அதன் நிழலும் ஒரே நேர்கோட்டில் நின்றால் அது இடவலமாகச் சாயவில்லை என்று பொருள். பக்கவாட்டில் பார்க்கும்போது கை தட்டுக்கு இணையாக இருக்கட்டும்.

6. இறுதியாகப் பக்கவிசைத் திருத்தியை, வைத்த பாரத்தின் எண்ணுக்கே கொண்டு வாருங்கள். சுழலும் தட்டு ஊசியை மையம் நோக்கி இழுக்கும். அதை ஈடுசெய்வதே இதன் வேலை.

நோயும் காரணமும்

பிள்ளைகளின் விடைத்தாளைத் திருத்துவது போல இதையும் ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

பாட்டு தாவினால் முதலில் ஊசிமுனையில் தூசு உருண்டிருக்கிறதா என்று பாருங்கள். சிறு தூரிகையால் பின்னிருந்து முன்னாக மட்டும் துடையுங்கள். அடுத்துத் தட்டைப் பாருங்கள். நம் ஊரில் பூஞ்சை படர்வது வழக்கம். வாலை வடித்த நீரில் ஒரு துளி மென்சோப்பு கலந்து, நடுத்தாள் நனையாமல் துடைத்தால் போகும். அரக்குத் தட்டுக்கு மட்டும் ஆல்கஹால் கலந்த எதையும் பயன்படுத்தாதீர்கள். அரக்கு அதில் கரைந்துவிடும். இவற்றுக்குப் பிறகே பாரம், சமநிலை, பக்கவிசை.

‘உம்’ என்ற ஓசை இடைவிடாமல் கேட்டால் தரைக்கம்பியைத் தேடுங்கள். நான் முதல்நாள் அதை இணைக்க மறந்து, ஒரு மணி நேரம் வீணாக அலைந்தேன். ஒலி மெலிந்து, அடித்தளமே இல்லாமல் கீச்சென்று கேட்டால், காந்த ஊசிப்பெட்டியைப் போனோ அல்லாத துளையில் செருகியிருப்பீர்கள். செராமிக் பெட்டியைப் போனோ துளையில் செருகினால் இதற்கு மாறாக ஒலி உடைந்து அலறும்.

ஒரு பக்கம் மட்டும் பாடினால், ஊசிப்பெட்டியின் சிறு கம்பிகள் தளர்ந்திருக்கும். பாட்டின் வேகம் குறைந்து குரல் கனத்தால், இயந்திரம் எந்த நாட்டுக்குச் செய்யப்பட்டது என்று பாருங்கள். நம் மின்சாரம் 50 சுழற்சி, அமெரிக்காவில் 60. அங்கு 33⅓ சுற்றுக்கு அமைத்த சில பழைய மோட்டார்கள் இங்கு 28-க்கும் சற்றுக் குறைவாகவே சுற்றும். 78 சுற்றுத் தட்டு பாடியும் இரைச்சல் மிகுந்தால், மெல்லிய முனை அகன்ற தடத்தின் அடியில் உள்ள குப்பையில் உருளுகிறது. பருத்த முனைக்கு மாறுங்கள்.

தட்டின் கடைசிப் பகுதியில் மட்டும் குரல் கரகரத்தால் நேர்நிறுத்தம் தவறியிருக்கலாம், ஊசி தேய்ந்திருக்கலாம், தட்டே தேய்ந்திருக்கலாம். வைர முனை ஏறத்தாழ 500 முதல் 1,000 மணி நேரம் உழைக்கும். அதற்குமேல் அதுவும் உளிதான்.

கவனியுங்கள்: இத்தனை காரணங்களில் ஒன்றுக்குக்கூட இருபது காசு மருந்தன்று.

தேய்ந்த பக்கம்

பெட்டியில் எஸ்.ஜி. கிட்டப்பாவின் 78 சுற்றுத் தட்டு ஒன்று இருந்தது. நாடக மேடையின் பெரும் பாடகரான அவர் 1906-இல் பிறந்து 1933-இல் மறைந்தார். தமிழில் பேசும்படம் வந்ததே 1931-இல்தான். திரைப்படம் எதிலும் அவர் நடிக்கவில்லை. அவருடைய குரல் இன்று நமக்கு மிஞ்சியிருப்பது இசைத்தட்டுகளில் மட்டுமே. கே.பி. சுந்தராம்பாள் பல்லாண்டு வாழ்ந்து பல படங்களில் பாடினார்; கிட்டப்பாவுக்கோ அந்த அரக்குத் தடமே உயிர். சேகரிப்பாளர்கள் சிலர் தக்க ஊசியோடு அவற்றை மறுபதிவு செய்து காத்ததால்தான் நம்மால் இன்று அவரைக் கேட்க முடிகிறது.

ஆகவே எல்லாவற்றையும் சரிசெய்து, வேறு தட்டுகளில் மூன்று நாள் சோதித்த பிறகே அதைச் சுழலியில் வைத்தேன். ஒலியைக் கணினியில் பதிவு செய்துகொண்டே ஊசியை இறக்கினேன். முதல் பக்கம் சாம்பல். மழை பெய்வது போன்ற இரைச்சலுக்குப் பின்னால் எங்கோ ஒரு குரலின் சாயல், அவ்வளவுதான். மனம் சோர்ந்தது. மறுபக்கத்தைத் திருப்பினேன். தடம் கறுப்பாகப் பளபளத்தது. சில நொடி மெல்லிய சரசரப்பு. பிறகு அந்த உச்சக் குரல் எங்கள் வரவேற்பறைக்குள் எழுந்தது. சமையலறையிலிருந்து என் மனைவி ஈரக்கையோடு வந்து நின்றார். பாட்டு முடிய மூன்று நிமிடம்தான். இருவரும் பேசவில்லை.

பின்னர் 43 தட்டுகளையும் அவ்வாறே பார்த்தேன். அந்தப் பெட்டியில், வீட்டார் விரும்பிக் கேட்டதாக ஆசிரியை நினைவுகூர்ந்த பாடல்கள் எல்லாம் ஊமையாகிவிட்டன. யாரும் தொடாத பக்கங்களே தெளிவாகப் பாடின. நாம் மிகவும் நேசித்த குரல்களை நாமே முதலில் அழித்திருக்கிறோம், நேசிக்காதவை தப்பியிருக்கின்றன. வரலாற்றைப் படிப்பவர்கள் இதை மறக்கக்கூடாது. எஞ்சியிருப்பதை வைத்து மட்டும் நம் முன்னோர்களின் சுவையை அளந்தால் தவறிவிடுவோம்.

எனினும் அந்தச் சாம்பல் தடங்களை நான் எறியவில்லை. அந்த வீட்டில் எந்தப் பாட்டை எத்தனை முறை கேட்டார்கள் என்று எவரும் எழுதி வைக்கவில்லை. ஆனால் தட்டு எழுதி வைத்திருக்கிறது. எந்தப் பக்கம் தேய்ந்ததோ அதுவே அந்த வீட்டின் பாட்டு. தேய்மானமும் ஓர் ஆவணம்தான். ஆகவே பாடுபவை, பாடாதவை இரண்டையும் உறையிட்டு, பக்கம் பக்கமாக நிலையைக் குறித்து, நிமிர்த்தி நிற்க வைத்திருக்கிறேன்.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பரணில் இத்தகைய பெட்டி இருந்தால், ஆர்வத்தில் உடனே போட்டுப் பார்க்காதீர்கள். தட்டு எந்தக் காலத்தது என்று முதலில் பாருங்கள். அதற்குரிய ஊசி கிடைக்கும்வரை காத்திருங்கள். ஐம்பது ஆண்டு காத்திருந்த தட்டு இன்னும் ஐந்து மாதம் காத்திருக்கும்.

ஆசிரிய நண்பர்களுக்கும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. வாசிக்கும்போது ஒரே இடத்தில் திக்கி நிற்கும் பிள்ளை நம் எல்லார் வகுப்பிலும் உண்டு. என் தொடக்க ஆண்டுகளில் நான் அத்தகைய பிள்ளைகளுக்குக் கூடுதல் பயிற்சி, கூடுதல் கண்டிப்பு என்று பாரத்தைத்தான் ஏற்றினேன். சிலர் ஓடவும் செய்தார்கள். என்ன தேய்ந்தது என்று அப்போது நான் பார்க்கவில்லை. இப்போது முதலில் வேறு காரணங்களைத் தேடுகிறேன்: கண் சரியாகத் தெரிகிறதா, வீட்டில் என்ன மொழி, காலையில் சாப்பிட்டாயா?

கிள்ளான் பிளேயரிலிருந்து எடுத்த இருபது காசு என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. அப்பாவின் நினைவாக வைத்திருக்கிறேன். அவர் பாட்டை நேசித்தார். ஊசியைப் பற்றி அவருக்குச் சொல்ல ஆளில்லை.